சாத்திக்கொண்ட கதவு

இரண்டு தேசங்கள் ஆளுக்கொரு அறை செய்து, விண்வெளியில் கொண்டுபோய் ஒட்டவைத்து, ஆளும் அனுப்பின. நடுவில் ஒரு கதவு. அது எந்நேரமும் திறந்தே கிடந்தது. இந்தப் பக்கத்து ஆள் தேநீர்ப் பையைத் தள்ளிவிட்டால், மிதந்துபோய் அந்தப் பக்கத்து ஆள் கையில் சேரும்.

"கதவாப் பிறந்து ஒருநாளாவது சாத்தியிருக்கேனா?" என்று கதவு புலம்பும்.

"சும்மா இருக்கிறதும் உத்தியோகம்தான்டா" என்னும், அதைச் சுவரோடு பிடித்திருந்த கொக்கி.

கீழே தேசங்களுக்குள் மனஸ்தாபம் வந்தது. கதவைச் சாத்தச் சொல்லி உத்தரவு. கொக்கி விட்டதுதான் தாமதம், கதவு ஆசையாகப் போய் இடுக்கில்லாமல் பொருந்திக்கொண்டது.

மறுநாள் பழக்கதோஷத்தில் இந்தப் பக்கத்து ஆள் தேநீர்ப் பையைத் தள்ளினான். அது கதவில் முட்டி, மெல்ல அவனிடமே திரும்பியது.

"கொக்கியண்ணே, என்னை மறுபடி பிடிச்சுக்கங்களேன்" என்றது கதவு.

"எட்டலையேடா" என்றது கொக்கி.