மோசல் ஆற்றில் மூன்று கோப்பை

படகு கிளம்பியதும் தோழிகள் மூவரும் மூன்று கோப்பை ஒயின் வாங்கிக்கொண்டார்கள். கோப்பையை முட்டும்போது கண்ணைப் பார்க்காவிட்டால் ஏழு வருடம் பீடை பிடிக்கும். ஏழு வருடங்களுக்கு முன் இதே மேசையில் நான்காவது தோழி வால்புர்கா கோப்பையை நீட்டியபோது, குட்ரூன் கரையிலிருந்த திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் வால்புர்கா போய்ச் சேர்ந்தாள்.

"இந்தத் தடவையாவது மூஞ்சியப் பாருடி!" என்றாள் ரெனாட்டே.

குட்ரூன் அவளோடு முட்டினாள், ஹெல்காவோடு முட்டினாள். நான்காவது, காலி நாற்காலிப் பக்கமிருந்தும் ஒரு கோப்பை வந்து முட்டியது. ஒயின் விரலில் தெறித்தது.

குட்ரூன் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"வந்துட்டியா! இப்பப் பாரு, கண்ணு கொட்டாமப் பாக்கறேன்!"

மேசையே சிரித்தது. படகு கரை சேர்ந்ததும் பரிமாறும் பெண் வந்து, காலியான நான்கு கோப்பைகளை எடுத்துப்போனாள்.