கில்பர்ட் அங்கிள் தேர்ந்தெடுத்த இலக்கணம்

பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இரண்டு முறை படித்துச் சரிபார்த்துவிட்டேன்.

காக்ஸ் டவுனில் என் எதிர்வீட்டு ஆஞ்சலா, மகள் ரியாவைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறாள். ஒரு நாள் மூன்று ஆங்கில இலக்கணப் புத்தகங்களோடு வந்தாள்.

"கில்பர்ட் அங்கிள், சண்டே சர்ச்ல நீங்க இங்கிலீஷ் வாசகம் படிச்சா ஒரு இடத்துலகூட தடுக்காது. இதுல எது சிம்பிள்னு நீங்கதான் சொல்லணும்."

மூக்குக்கண்ணாடியை மாட்டி அரை மணி நேரம் புரட்டினேன். இருந்ததிலேயே ஒல்லியானதைக் கொடுத்தேன்.

மறுவாரம் ரியா வந்தாள். "தாத்தா, இதுல கேள்வியே இல்ல. இது அந்தப் பெரிய புக்கோட ஆன்சர் புக்கு."

முகத்தை மாற்றாமல், "தெரிஞ்சுதாம்மா குடுத்தேன். கேள்விய நீயே கண்டுபிடி" என்றேன்.

ஆறு மாதமாகக் குழந்தை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் பரீட்சை. அதில் கேள்விதான் கேட்பார்கள்.

ஆஞ்சலாவோ பூரித்துப்போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சனிக்கிழமைதோறும் பிரேசர் டவுன் அம்மாக்கள் பை நிறையப் புத்தகங்களோடு என் வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதனால்தான் இந்த வாக்குமூலம். நான் சொல்லச் சொல்ல ரியாதான் எழுதுகிறாள். கடைசி வரியைச் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"அப்ப சர்ச்ல எப்படி தாத்தா?"

"சனிக்கிழமையே நம்ம வீட்டு மௌரீன் பாட்டி படிச்சுக் காட்டிடுவா. அப்படியே மனப்பாடம் பண்ணிடுவேன். கடைசி வரிய எழுதும்மா."

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.