ராசியான விமானம்

"திரான்சிக் கலியாணத்தில பொம்பிளை அன்னத்தில வந்தவள், கார்ஜ் கலியாணத்தில ஹெலிகொப்டரில. என்ர மகள் கலியாண மண்டபத்துக்குள்ள ஒருத்தரும் வராததிலதான் வரோணும்," என்றார் மகாலிங்கம்.

பாரிஸ் லா ஷப்பலில் மணவறை அலங்காரக் கடை வைத்திருக்கும் சேந்தன் பழைய படமொன்றை நீட்டினான். "நூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்தில பரிசோதனைக்குச் செய்த இரட்டைச் செட்டை விமானம். இதைக் காட்போட் மட்டையில செய்து தாறன், அண்ணை."

"எங்கையாவது விழுந்து நொறுங்கினதோ? பிள்ளைக்கு அபசகுனமாப் போயிடும்."

சேந்தன் நெஞ்சில் கைவைத்தான்.

"பிள்ளையார் சத்தியமா ஒருநாளும் விழேல்லை. ஓட்டினவருக்கு ஒரு கீறல்கூட இல்லை."

மகாலிங்கம் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ராசியான விமானம்! இதையே செய்யும்."

அவர் போனதும் சேந்தனின் மனைவி தர்மிளா கேட்டாள். "இஞ்சேருங்கோப்பா, உண்மையாவே விழேல்லையோ?"

"ஓமப்பா. ஒருக்காவாவது நிலத்தை விட்டு எழும்பினாத்தானே விழுறதுக்கு!"