இரண்டு அங்குல உயரம்

ஒன்பது நாளாக ஃபிடெல்மா தன் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயரமாக உட்கார்ந்திருந்தாள். முதுகுவலி, மெத்தை போட்டிருக்கிறேன் என்று பக்கத்து மேஜை பிரீஜிடம் சொல்லியிருந்தாள்.

உண்மையில் அவளுக்குக் கீழே, கம்பளிச் சால்வையில் சுற்றி, 1871-ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. லீட்ரிம் மாவட்டத்தில் உள்ள அந்தச் சிறிய பங்குக் கோயிலின் ஏடுகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. அந்தப் பதிவேட்டின் நாற்பதாம் பக்கத்தில்தான் தாமஸ் கில்பிரைட் இருந்தார்.

எதிரே அதே தாமஸின் கொள்ளுப்பேரன் வாரன் கில்பிரைட், வேறு ஏதோ வருடத்து ஏட்டை நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒஹாயோவில் கூரை போடுகிறவர். மனைவியை இழந்தவர், ஐம்பதை நெருங்குகிறவர்.

பூர்வீகம் தேடி அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் வாசலில் நின்று பாதிரியாரைத்தான் கேட்பார்கள். இவர் "ஃபிடெல்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். வந்த மறுநாளே அலுவலகக் கூரையின் ஒழுகலை அடைத்தார். அவள் சொன்ன சுமாரான ஜோக்குக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலைதான் அவள் கண்ணில் தாமஸ் பட்டார். பெயர் கிடைத்ததும் ஒரு போட்டோ, கல்லறையில் ஒரு பூ, அடுத்த விமானம். இருபது வருடமாக அவள் பார்க்காததா? ஏட்டை மூடி நாற்காலியில் வைத்து, மேலே உட்கார்ந்துவிட்டாள்.

"கெடைச்சாரா உங்க கொள்ளுத்தாத்தா?" என்றாள் பிரீஜ்.

"இன்னும் இல்லைங்க," என்றார் வாரன், உற்சாகமாக.

"பத்து நாளாவா? இந்நேரம் நான் ஆதாமையே கண்டுபிடிச்சிருப்பேன்! பேசாம பக்கத்துப் பங்குக்குப் போய்ப் பாருங்க. அங்க யூனான்னு ஒரு விதவைதான் ஏடு பார்க்கிறா. கெட்டிக்காரி. ஆப்பிள் கேக் வேற பிரமாதமாப் பண்ணுவா."

ஃபிடெல்மாவுக்குக் காது சூடேறியது. "யூனா கேக்கா? அதைத் தின்னவங்க பேரெல்லாம் அடக்கப் பதிவேட்டுலதான் இருக்கு!"

"நீ ஏன்டி கொதிக்கிற? அவர் தாத்தாவைத் தேடப் போறார்."

வாரன் மெதுவாக மழைக்கோட்டை எடுத்தார். மெதுவாக ஒரு கையை நுழைத்தார். "அப்ப ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

ஒளித்தால் யூனா. கொடுத்தால் ஒஹாயோ. ஒஹாயோவே மேல்!

ஃபிடெல்மா துள்ளி எழுந்தாள். சால்வை ஒரு பக்கமும் பதிவேடு ஒரு பக்கமுமாக விழுந்தன.

"அடிப்பாவி! மெத்தைன்னியே!" என்றாள் பிரீஜ்.

"நாப்பதாம் பக்கம். பிப்ரவரி பதினொண்ணு. தாமஸ், அப்பா ஓவன், அம்மா ஹானோரா." ஒரே மூச்சில் கொட்டினாள் ஃபிடெல்மா. "ரெண்டாம் நாளே கெடைச்சாச்சு. நான்தான் மேல உட்கார்ந்துட்டேன். கெடைச்சா நீங்க கிளம்பிடுவீங்களே!"

பிரீஜ் கடித்த பிஸ்கட்டை மெல்லக்கூட மறந்திருந்தாள்.

வாரன் உள்பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார். போன வருடத் தேதி. நாற்பதாம் பக்கம், பிப்ரவரி பதினொன்று, தாமஸ், ஓவன், ஹானோரா. எல்லாம் ஃபிடெல்மாவின் கையெழுத்து. மாதம் நாற்பது பேருக்குப் பதில் எழுதுகிறவள், அதில் பத்துப் பேர் கில்பிரைட்டுகள், எதுதான் நினைவிருக்கும்?

கடைசியில், தாமஸுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி இருந்தது. பிரீஜ் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள். "'இங்கே மூன்று வாரமாக மழை. பேச்சுத் துணைக்கு ஆளே இல்லை.' ஆளே இல்லையா? அப்ப நான் யாருடீ?"

ஃபிடெல்மா கடிதத்தைப் பார்த்தாள். வாரனைப் பார்த்தாள். "அப்ப... உங்களுக்கு முன்னாடியே..."

வாரன் மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கெடைச்ச பிறகுதாங்க கிளம்பியே வந்தேன்!"