பாதி மலை

மலையடிவாரத்தில் செம்பி, மயிலை என்று இரண்டு ஆடுகள் இருந்தன. சின்ன வயதில் இருவரும் ஒரே ஓட்டமாக உச்சிக்கு ஏறி, தூரத்து ஏரியில் மழை இறங்குவதைப் பார்ப்பார்கள்.

பிறகு செம்பியை அரிசி ஆலைக்காரர் வாங்கிக்கொண்டார். தவிடும் நொய்யும் தின்று அவள் உடம்பு பெருத்தது. முட்டிவலியும் வந்தது.

ஒருநாள் மயிலை தேடி வந்து, "மழைக்காலம் வரப்போகுது. மேலே போவோமா?" என்றாள்.

"என் முட்டியைப் பாருடி. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

"இன்னைக்கு அந்த வேப்பமரம் வரைக்கும் வா, போதும்."

போய் வருவதற்குள் செம்பிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் வரமாட்டேன் என்று படுத்துவிட்டாள். மயிலை வற்புறுத்தவில்லை. பக்கத்தில் படுத்து அந்த ஏரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் செம்பியே எழுந்து நடந்தாள். வலி அதிகமான நாளில் பத்தடி, குறைந்த நாளில் ஓடை வரை. தவிட்டில் பாதியைக் கோழிகளுக்கு விட்டுக்கொடுத்தாள். ஆசையாகத்தான் இருந்தது, ஆனாலும் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதல் மழை கறுத்து வந்த அன்று பாதி மலைதான் ஏற முடிந்தது. செம்பி மூச்சிரைக்க உட்கார்ந்தாள். அங்கிருந்து ஏரி தெரியவில்லை. கீழே, அவர்கள் பிறந்த பட்டி தெரிந்தது.

"இங்கேயிருந்து நம்ம பட்டி தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி."

"எப்படித் தெரியும்? அப்போ நாம இங்கே நின்னதே இல்லையே," என்றாள் மயிலை.

மழை வந்து நனைக்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.