இருபத்தாறு பாகை

மாத்தளை நகரின் தகரக் கூரை வீடுகளில் நண்பகல் வெப்பத்தை அளந்து எழுதி, சூட்டிலிருந்து தப்ப மக்களுக்குப் புத்தி சொல்வது வாகினியின் வேலை. எந்த வீட்டிலும் நாற்பது பாகைக்குக் குறையாது.

போன வாரம் ஜிப்ரி நானா வீட்டில் மட்டும் வெப்பமானி இருபத்தாறு காட்டியது. மதியம் படுத்தவர் எழவில்லை. செவ்வாயன்று மூலை வீட்டில் இருபத்தாறு. அங்கும் மாலைக்குள் ஒரு சாவு.

இன்று றஸ்மியா வீட்டில் இருபத்தாறு.

"கூரையில ஈரச்சாக்கு போட்டியா?"

"தண்ணி வந்தே மூணு நாள் மிஸ். யாரோ ஏசி பூட்டிட்டுப் போன மாதிரி குளிரா இருக்கு."

"உடனே வெளிய வா, றஸ்மியா."

"மெதுவாப் பேசுங்க. பிள்ளைகளக் குளிரான இடத்துல படுக்கப் போடச் சொன்னது நீங்கதானே? உங்க மகளும் உள்ளதான்."

வாகினி திரையை விலக்கினாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் வரிசையாகத் தூங்கினார்கள். ஒருவருக்கும் வியர்க்கவில்லை.