சந்தில் ஓர் அறை

"ஜன்னல்கிட்ட போகாதே! அந்த ஆளு இன்னைக்கும் வந்து நிக்கிறான்."

திரைச்சீலையை ஒற்றை விரலால் விலக்கிப் பார்த்தபடி மாஸ்டர் கிசுகிசுத்தார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊருக்கே பதறாமல் பிரேக் போடக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் நெஞ்சுக்குத்தான் மூன்று நாளாகப் பிரேக் பிடிக்கவில்லை.

எதிர் நடைபாதையில் மஞ்சள் கோட்டு போட்ட ஒருவர் நின்றிருந்தார். கோட்டின் முதுகில் நகராட்சி முத்திரை. அவர் இந்த வீட்டின் பக்கவாட்டையே பார்த்தார், செல்போனில் படம் எடுத்தார், பிறகு காம்பவுண்டு ஓரமாக ஒவ்வோர் அடியாக எண்ணி நடந்தார்.

"காலாலயே அளக்குறான் பாரு. போச்சு, எல்லாம் போச்சு."

"அளந்தா அளந்துட்டுப் போகட்டும். உள்ள வந்து கேட்டா பதில் சொல்லிக்கலாம்" என்றாள் மனைவி. தலையணைக்குப் புது உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தலையணை அவளுடைய அப்பாவுக்கு. இடுப்பு ஆபரேஷன் முடிந்து வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுக்கை அறைகள், கழிப்பறை எல்லாம் மாடியில். அதனால் பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தை அடைத்து, கூரை போட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்த கழிப்பறையோடு அவருக்காக ஓர் அறை எழும்பியிருந்தது.

நகராட்சியிடம் அனுமதி? "அதுக்கு அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ள மாமா எழுந்து ஓட்டப்பந்தயமே ஓடிடுவாரு" என்று அன்றைக்குச் சிரித்தவரும் இதே மாஸ்டர்தான். மடியில் கனம் ஏறியபின் வழியெல்லாம் பயமாகிவிட்டது.

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டுத் தையல்காரராகத்தான் இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். அறை வந்ததிலிருந்து பட்டப்பகலிலேயே விளக்கைப் போட்டு ஊசி கோக்க வேண்டியிருக்கிறது என்று மனிதர் ஒருமுறை முணுமுணுத்திருந்தார். மாஸ்டர் நேரே போய்க் கேட்டேவிட்டார்.

"நான் புகார் கொடுக்கிறதா இருந்தா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் கொடுப்பேன்" என்றார் தையல்காரர், வாயில் கவ்விய ஊசியை எடுத்துவிட்டு. "ஆனா ஒண்ணு மாஸ்டர். பின்தெருவுல ஒரு வீட்டுக்கு நகராட்சிக்காரங்க இடிக்கிற மிஷினோட வந்தாங்க. அடைச்ச சந்தோட சேர்த்துப் பாதி சமையலறையும் போச்சு. இடிச்ச செலவையும் வீட்டுக்காரன் தலையிலயே கட்டிட்டாங்க."

அன்று வண்டி ஓட்டக் கற்க வந்த பெண் சரியாகத்தான் திருப்பினாள். "நிறுத்து! இடிக்கப்போற!" என்று மாஸ்டர் போட்ட கூச்சலில் அழுதேவிட்டாள்.

வியாழக்கிழமை காலை கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார்.

"அவங்க இடிக்கறதுக்குள்ள நாமளே இடிச்சுடுவோம். வீடாவது மிஞ்சும்."

மனைவி அறை வாசலில் குறுக்கே நின்றாள். "அப்பா நாளைக்கு வர்றாரு. எங்க படுப்பாரு?"

"கூடத்துல கட்டில் போடலாம்."

"ராத்திரி கழிப்பறைக்கு? மாடிக்குத் தூக்கிட்டுப் போவீங்களா? காரை நோ பார்க்கிங்லயே நிறுத்துற மனுஷனுக்கு, எங்க அப்பான்னா மட்டும் சட்டம் ஞாபகத்துக்கு வருது!"

சுருக்கென்று தைத்தது. அவருக்கு மாமனாரைப் பிடிக்கும். தன் அப்பாவைவிடவும் பிடிக்கும் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பயம் பாசத்தைவிட வேகமாக ஓடுகிற வண்டி. அவர் தலையைக் குனிந்துகொண்டு, கொத்தனாரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"கட்டினதுக்கும் கூலி, இடிக்கிறதுக்கும் கூலி. தெருவுக்கு உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா போதும் மாஸ்டர், என் பொழப்பு ஓடிடும்" என்றபடி கொத்தனார் கடப்பாரையை ஓங்கினார்.

மதியத்துக்குள் கூரை இறங்கியது. சுவர்கள் சரிந்தன. தையல்காரர் வீட்டு ஜன்னலில் மறுபடியும் வெயில் விழுந்தது. மனைவி அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மாட்டிய புது உறையை மெல்லக் கழற்றினாள். மாஸ்டருக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்போதுதான் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் கோட்டு!

மாஸ்டர் புழுதியோடு ஓடினார். "வாங்க சார், வாங்க! நாங்களே இடிச்சுட்டோம் சார். பாருங்க, ஒரு செங்கல்கூட நிக்கல!"

வந்தவர் இடிபாட்டைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஐயையோ, ஏன் சார் இடிச்சீங்க?"

"நீங்கதானே சார் நாலு நாளா வந்து அளந்தீங்க..."

"எங்க வீட்டுச் சந்துக்குள்ள இந்த மாதிரி ரூம் அடங்குமான்னு பாத்தேன் சார். எங்க அம்மாவால படி ஏற முடியல. இதைக் கட்டின கொத்தனார் யாருன்னு கேக்கணும். இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு எப்படிக் கேக்கறதுன்னுதான் இத்தனை நாளா தயங்கினேன்."

கொத்தனார் கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தார். மனைவி படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"நகராட்சியிலேயே இருக்கீங்க. முறையா அனுமதி வாங்கிக் கட்ட வேண்டியதுதானே?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அனுமதி கொடுக்கிற பிரிவுலதாம்மா இருக்கேன். கேட்டா கிடைக்காதுன்னு என்னைவிட வேற யாருக்குத் தெரியும்?"